நிகரமை எதிர்ப்பு: 1959 தரும் சான்று

எதிர்ப்பைச் சுட்டும் அரசியல் கலைச்சொற்களை அளந்தே ஆளவேண்டும். ஒருவர் எதை எதிர்க்கிறார் என்பதை அவை சொல்லும். எதன்பொருட்டு எதிர்க்கிறார் என்பதைச் சொல்லா. நிகரமை எதிர்ப்பு, அதாவது சோசலிச எதிர்ப்பு, எத்தகையது என்று ஆய்ந்தறிய 1959ஆம் ஆண்டின் சூன் மாதமே போதும்.

அம்மாதம் 4ஆம் நாள் இராசாசி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். நிகரமைப் பாங்கான குமுகாயமே இலக்கு என்று காங்கிரசு 1955இல் ஆவடியில் தீர்மானித்திருந்தது; 1959 தொடக்கத்தில் நாகபுரியில் கூட்டுறவு வேளாண்மையையும் ஏற்றது. இசைவு, உரிமம், ஒதுக்கீடு என்று எதற்கும் அரசின் வாயிலில் காத்துக்கிடக்கச் செய்யும் ஆட்சி இது என்றார் இராசாசி. கோட்பாட்டளவில் இதுவே தெளிவான நிகரமை எதிர்ப்பு.

12ஆம் நாள் கேரளத்தில் விமோசன சமரம் மூண்டது. ஈ.எம்.எசு. நம்பூதிரிப்பாட்டின் பொதுவுடைமை அரசை இறக்குவதே அதன் நோக்கம். ஆயினும் கூட்டத்தைத் திரட்டியது பொருளியல் கோட்பாடு அன்று. கல்விச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. தனியார் பள்ளிகளும் அரசுத் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்றது அப்பிரிவு. தம் பள்ளிகள் கைநழுவும் எனக் கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் அமைப்பும் கொதித்தன. நிலச் சட்டவரைவு நிலக்கிழாரையும் அவர்களோடு சேர்த்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில், செறியதுறையில், காவலர் சுட்டதில் புளோரி என்னும் கருவுற்ற மீனவப்பெண் மாண்டார். அவர் பெயரே முழக்கமாயிற்று. சூலை 31இல் நடுவணரசு அவ்வாட்சியைக் கலைத்தது.

இதையும் நிகரமை எதிர்ப்பு என்று எழுதுவோர் உண்டு. அங்ஙனமாயின், போராட்டத்தில் தோள்கொடுத்த காங்கிரசின் ஆவடித் தீர்மானத்தை எங்கே வைப்பது? பிரசா சோசலிசுட்டுக் கட்சியும் உடன் நின்றதே! 1960 தேர்தலுக்குப்பின் முதலமைச்சரானவர் அக்கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. நிகரமையர் தலைமையில் ஓர் ஆட்சி அமைவதற்கு வழிவிட்ட போராட்டத்துக்கு அப்பெயர் சற்றும் பொருந்தாது. பொதுவுடைமை எதிர்ப்பு என்பதே நேரிய பெயர்.

செருமனியிலும் இத்தகைய முரண் உண்டு. 1878இல் நிகரமையரை ஒடுக்கச் சட்டமியற்றிய பிசுமார்க்கு, 1883இல் தொழிலாளர்க்கு நோய்க்காப்பீடு தந்தார்.

இந்தியாவிலோ இவ்வெதிர்ப்புக்குச் சட்டமே தடையாய் நிற்கிறது. 1976இல் அரசமைப்பின் முகவுரையில் நிகரமை இடம்பெற்றது. 1989 முதல், பதிவு நாடும் கட்சி ஒவ்வொன்றும் நிகரமை நெறிக்குப் பற்றுறுதி பூணுவதாகத் தன் விதிகளிலேயே எழுதவேண்டும். இராசாசி இன்று கட்சி தொடங்கினாலும், அவ்வரியை எழுதினால்தான் தேர்தல் ஆணையம் பதிவு செய்யும்.