மாம்பூவைக் கருக்கும் பங்கசு நோய்

வெல்லாவெளி முதலிய படுவான்கரைக் கிராமங்களில் மாமரம் பூக்கும் தை மாதத்திலும் மாரி மழை ஓயாது நீடிப்பதுண்டு. அவ்வாண்டுகளில் பூங்கொத்துக்கள் கருகி உதிரக் காணலாம். இது பனியின் கேடென்று எண்ணி வாளாவிருத்தல் தவறு. பெரும்பாலும் இதற்குக் காரணம் அந்திரக்நோசு என்னும் பங்கசு நோயேயாகும்.

இப்பங்கசு மரத்திலுள்ள பட்ட சுள்ளிகளிலும், நோயுற்ற இலைகளிலும், வற்றித் தொங்கும் காய்களிலும் தங்கி வாழும். மழைத்துளி தெறிக்கும்போது இதன் வித்திகள் தளிரிலும் பூவிலும் படிந்து, ஈரம் உலராவிடின் முளைத்து உட்புகும். பிஞ்சினுட் புகுந்த பங்கசு வெளியே தெரியாது அடங்கிக் கிடந்து, காய் கனியும்போது கரும்புள்ளிகளாக வெளிப்படும். ஆதலின் சந்தையில் அழுகும் பழத்தை நோய் பற்றியது பெரும்பாலும் மரத்திலேயே எனக் கொள்க. மிளகாய்ப் பழத்தை அழுகச் செய்வதும் இவ்வினப் பங்கசுகளே.

கட்டுப்படுத்தும் முறைகள்:

1. காய் பறித்து முடிந்ததும், பெரும்போக உழவு தொடங்குமுன், பட்ட கிளைகளை வெட்டி எரித்தல் வேண்டும்.

2. நெருங்கிய உட்கிளைகளைக் கழித்து, காற்றும் வெயிலும் புகச் செய்தல் வேண்டும்.

3. பூந்தண்டு தோன்றியபின், பூ விரியுமுன், செப்புச் சேர்ந்த பங்கசுநாசினியைப் பொதியிற் குறித்த அளவில் மழையற்ற வேளையில் தெளித்தல் நன்று.

4. பறித்த முற்றிய காய்களை, வெப்பமானியால் அளந்த 52 பாகை செல்சியசு வெந்நீரில் 5 நிமிடம் அமிழ்த்தி எடுத்து உலர்த்தினால், அழுகல் குறையும்.

பூ கருகிய பின் மருந்து தேடுவதாற் பயனில்லை. வயலில் ஏர் இறங்குமுன் ஒரு நாளை மாமரத்துக்கு ஒதுக்குக.