கிரைண்டர் கையில் இருந்தும் டிங்கர் ஏன் கத்தரியைத் தேடுகிறார்?

புதுப்பேட்டைப் பட்டறைகளில் தீப்பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரைண்டர் வேகமாக வெட்டும். ஆனால் கார் கதவுத் தகரத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உரசும் சூடு அதைப் பாடாய்ப் படுத்திவிடும்.

எப்படி? மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாட வீதி நெரிசலில் பக்கவாட்டில் நகர இடமில்லை. குழந்தையை மேலே, தோளுக்குத்தான் தூக்க முடியும். சூடான தகரமும் விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள ஆறிய தகரம் வழிவிடாது. அதனால் மேலெழும்பிப் புடைக்கிறது. ஆறிய பிறகும் அந்த நெளிவு முழுதாகப் போகாது.

கத்தரியில் அந்தச் சூடு இல்லை. இரண்டு அலகுகளும் எதிரெதிராக அழுத்தித் தகரத்தைப் பிரிக்கின்றன. ஓரம் மட்டும் சற்று வளையும். அதுவும் கூடாதென்றால் நிப்ளர்: எலி அப்பளத்தைக் கொறிப்பதுபோல் துணுக்குத் துணுக்காகக் கடித்துச் செல்லும். வளைவான வெட்டுக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

கிரைண்டர் சூட்டில் பெயின்ட்டும், துரு தடுக்கும் துத்தநாகப் பூச்சும் கருகும். அடையாற்றின் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அது பெரிய இழப்பு. எதில் வெட்டினாலும், ஓரத்தில் அன்றே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.

தடித்த சேஸிஸ் இரும்புக்கு? அங்கே கத்தரி செல்லாது. கிரைண்டர்தான், பெட்ரோல் டேங்கிலிருந்து தள்ளி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.