ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுமா? உங்க ரவுட்டர்ல யார் ஓடுறாங்கன்னு பார்ப்போம்

நெட் ஸ்லோவா இருக்குன்னு கஸ்டமர் கேருக்கு போன் போட்டா, முதல்ல வர்ற பதில் நமக்கே மனப்பாடம்: "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பல நேரம் அது வேலையும் செய்யும். ஆனா ஏன் ஸ்லோ ஆச்சுன்னு கடைசிவரை தெரியாது.

தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அது ரவுட்டரோட அட்மின் பக்கம். பிரவுசர்ல 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடிச்சா பெரும்பாலும் திறக்கும். சரியான முகவரி ரவுட்டர் அடியில இருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். எந்தெந்த டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்குன்னு அதுல பார்க்கலாம். சில மாடல்ல ஒவ்வொண்ணும் எவ்வளவு டேட்டா இழுக்குதுன்னும் காட்டும்.

லிஸ்ட்ல தெரியாத பேர் இருந்தா, உடனே பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படாதீங்க. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததுலேர்ந்து போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைச்சு, வைஃபைக்கு வேற முகவரி ஒண்ணைத்தான் காட்டும். அந்த மர்ம ஆசாமி உங்க போனாவே இருக்கலாம். ஒவ்வொரு டிவைஸா வைஃபையை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு லிஸ்ட்ல எது காணாம போகுதுன்னு பாருங்க.

அடுத்து அப்லோடு. படம் பார்த்தா டவுன்லோடுதான் ஏறும். யாரும் எதுவும் அனுப்பாத நேரத்துல அப்லோடு ஏறிக்கிட்டே இருந்தா, அது போட்டோ பேக்கப்பா இருக்கலாம், சிசிடிவி கேமராவா இருக்கலாம். ரெண்டும் இல்லைன்னா?

2016-ல மிராய்ன்னு ஒரு மால்வேர் வந்துச்சு. கேமராவுக்கும் ரவுட்டருக்கும் உள்ள புகுறதுக்கு அதுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படல. கம்பெனியே போட்டுக் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல கையில வச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்துச்சு. அக்டோபர் 21 அன்னைக்கு அப்படிப் பிடிபட்ட டிவைஸ்கள் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் தடுமாறின. டிவைஸோட ஓனருக்கோ, கேமரா வழக்கம்போல ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

இங்கதான் ரீஸ்டார்ட் விஷயம் வருது. மிராய் மெமரியில மட்டும்தான் குடியிருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா போயிடும், நெட்டும் வேகமாயிடும். ஆனா பழைய பாஸ்வேர்டு அப்படியே இருந்தா, அதே வாசல் வழியா மறுபடி உள்ள வரும்.

அதனால ரீஸ்டார்ட்டோட நிறுத்தாதீங்க. அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, இது வேற. ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா, நீங்க டிராஃபிக் பார்க்கிற அதே பக்கத்தை வெளியிலேர்ந்தும் தட்ட முடியும். ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தா போட்டுடுங்க.

பத்து நிமிஷ வேலை. எபிசோடு முடிஞ்சதும் ரவுட்டரைத் திருப்பி, அந்த ஸ்டிக்கரைப் பாருங்க. அதுல இருக்கிற பாஸ்வேர்டுதான் இன்னும் வேலை செய்யுதுன்னா, முதல்ல அதை மாத்துங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.