இளவேனிற் பயிற்சி ஆட்டங்களைக் காண்பது எங்ஙனம்?

அமெரிக்காவிலே பேஸ்போல் பருவம் தொடங்குமுன், பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரை, பெரும் லீக்கைச் சேர்ந்த 30 குழுக்களும் பயிற்சி பெறுகின்றன. அவற்றுட் பாதி புளோரிடாவிலும் மறுபாதி அரிசோனாவிலும் முகாமிடும். காணச் செல்வோர் மூன்று விடயங்களை மனத்திற் கொள்ளுதல் நன்று.

முதலாவது, காலையிலேயே செல்லுங்கள். பக்கத்துச் சிறு திடல்களில் நடைபெறும் பயிற்சியைப் பல முகாம்களில் கட்டணமின்றியே காணலாம். பந்தெறிவோரின் கைவண்ணத்தை வேலியோரத்தில் நின்று அவதானிக்கலாம்.

இரண்டாவது, வெற்றி தோல்வியைப் பெரிதுபடுத்தாதீர்கள். பிற்பகல் ஆட்டங்களின் முடிவுகள் பருவத் தரவரிசையிற் சேர்வதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. புகழ்பெற்ற வீரர்கள் சில இன்னிங்ஸ் ஆடி வெளியேறியதும் நீங்களும் எழுந்துவிடாதீர்கள். அதன்பின் களமிறங்குவோர், முதுகிலே பெரிய இலக்கம் தாங்கிய, பெயரறியா இளைஞர்கள். குழுவில் இடம் பெறுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அச்சில பந்துகளே.

1946 மார்ச் 17 அன்று, புளோரிடாவின் டேட்டோனா பீச் நகரில் மொன்றியால் குழுவுக்காக ஜாக்கி ராபின்சன் ஆடினார். கறுப்பினத்தவர் என்பதற்காக அம்மாநிலத்தின் வேறு நகரங்கள் அவரை ஆடவிட மறுத்த காலம் அது. மறு ஆண்டே அவர் பெரும் லீக்கினுட் புகுந்து, நிறத்தடையைத் தகர்த்தார். அன்றைய ஆட்டமும் தரவரிசையிற் சேராத பயிற்சி ஆட்டமே. ஆகவே, கடைசிப் பந்து வரை அமர்ந்திருங்கள்.