நாளுக்கொரு தாள், தாளுக்கொரு செய்தி

ஆடிப் பதினெட்டாம் நாளன்று காவிரிக் கரை மக்கள் புதுப்புனலை வரவேற்று மகிழ்வர். வானம் பார்த்த பூமியாகிய சிவகாசியிலோ, அதே நாளில் அடுத்த ஆண்டுக்குரிய நாட்காட்டி மாதிரிகளை வழிபாட்டுடன் வெளியிடுவது அச்சகத்தார் வழக்கம். அடுத்த சில திங்களில் நாட்காட்டிகள் கட்டுக் கட்டாகப் புறப்பட்டுத் தமிழகமெங்கும் சுவரேறி விடுகின்றன. காலையில் எழுந்ததும் நாம் கிழிக்கும் அச்சிறு தாளில் நாளும் கிழமையும் மட்டுமா இருக்கின்றன? ஒரு பழமொழி, ஒரு மருத்துவக் குறிப்பு, ஒரு பொது அறிவுச் செய்தி என ஏதேனும் ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கின்றது. கிழிக்கிறோம், கசக்குகிறோம், எறிந்து விடுகிறோம். படிக்கிறோமா?

படித்தால் எத்தனை கிடைக்கும் என்பதற்கு, சுவரில் தொங்கும் அப்பொருளின் பெயரிலிருந்தே தொடங்குவோம். நாள் என்பதோடு காட்டி சேர்ந்தால் நாட்காட்டி. வல்லினம் வந்து சேரும்போது ளகர மெய் டகர மெய்யாகத் திரிகின்றது. முள், செடி இரண்டும் சேர்ந்து முட்செடி ஆவதும் இவ்வாறே. ஒரு சொல்லில் ஒரு புணர்ச்சி விதி அடங்கிவிட்டது!

திருவிழா அழைப்பிதழ்களில் 'வானவேடிக்கை' என்று அச்சிடுவோர் பலர். வானத்தில் நிகழ்வதால் அதுவே சரியென எண்ணுகின்றனர். அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்னும் வடசொல்லே தமிழில் 'வாணம்' ஆயிற்று. அம்புபோல் சீறிப் பாய்வதால் அப்பெயர். ஆகவே 'வாணவேடிக்கை' என்று எழுதுவதே பொருத்தம். மத்தாப்பு என்பதும் வந்த சொல்லே. நிலவைக் குறிக்கும் 'மாதாப்' என்னும் பாரசீகச் சொல்லே அதன் மூலம்.

அந்த மத்தாப்பின் நிறங்களுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கின்றது. ஸ்ட்ரான்சியம் உப்பு எரிந்தால் சிவப்பு, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம், பேரியம் பச்சை. இவற்றுள் பேரிய உப்பைப் பட்டாசில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில் தடை விதித்தது.

வரலாற்றுக்கு வருவோம். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் 1582 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள் இரவில் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் தேதி 5 அன்று; 15! பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. நாம் இன்று கிழிக்கும் தாளின் ஆங்கிலத் தேதி அத்திருத்தத்தின் வழி வந்ததே.

நம் பக்கத்து ஊரையும் மறவோம். கோவிற்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடையதால் அப்பெயர் பெற்றது. எகர, ஏகார வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகும்படி எழுத்தைச் சீர்திருத்தியவரும் அவரே என்பர். இத்தாலியில் பிறந்த ஒருவர் அயல்மொழியில் இத்துணைத் தேர்ச்சி பெற்றது ஒரே நாளில் அன்று. ஒவ்வொரு சொல்லாகக் கற்றே.

இச்சிறு செய்திகளால் என்ன பயன் என்று கேட்போர் இக்கந்தக பூமியின் கடந்த காலத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922 ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் பட்டாசும் வளர்ந்தது. பெட்டிகளில் ஒட்டும் படங்களுக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தது. பஞ்சம் நீங்கியது உண்மை. ஆயினும் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்ற சிறார் எத்தனை பேர்! ஊருக்கெல்லாம் ஏடு அச்சிட்ட மண்ணில், தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளைகள் வளர்ந்தனர். 1986 ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரைக் குறித்து எழுந்த வழக்கில் 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று கட்டை அடுக்கிய சிறுமியர் பலர் இன்று பாட்டிமார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவர்களுக்கு, புத்தகம் மலையாகத் தோன்றலாம். நான்கு வரித் தாள் அவ்வாறு தோன்றாது.

விருதுநகரில் 1903 ஆம் ஆண்டில் பிறந்த காமராசர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பின்னர் நாளிதழ்களையும் நூல்களையும் படித்தே உலகறிவு பெற்றார். பசியால் பிள்ளைகள் பள்ளியை விடலாகாதென்று 1956 ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. பள்ளி கைவிட்டுப் போனாலும் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரினும் சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே, இன்றிரவு உணவுக்குப்பின் அன்றைய தாளைப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பாட்டியும் பக்கத்தில் அமரட்டும். மறுநாள் அவரே படிக்கட்டும். பிடித்த செய்தியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டில் 365 செய்திகள் சேரும்.

காலண்டர் என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல், உரோமையரிடையே கடன் கணக்கேட்டைக் குறித்தது. மாதத்தின் முதல் நாளில் அங்கே கடனும் வட்டியும் செலுத்துவர். நம் சுவரில் தொங்குவதும் கணக்கேடே. நாள்தோறும் கிழிக்கும் தாளுக்கு ஈடாக ஒரு செய்தியேனும் நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் வரவு வைப்போமாக!