எல்லைக்கோட்டைத் தாண்டிய மேற்றிராசனம்
கரையோரத் திருச்சபையும் தமிழ் மீனவரும்

திருவனந்தபுரம் பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பள்ளிவாசல், பிள்ளையார் கோயில், புனித சூசையப்பர் பேராலயம் மூன்றையும் அடுத்தடுத்துக் காணலாம். 1873-ல் எழுந்த அந்தப் பேராலயம் மலையாளிகளுக்கு மட்டும் உரியது என்று நம்மவரில் பலர் நினைத்திருக்கக்கூடும். உண்மை அதுவல்ல. அதைத் தலைமைக் கோயிலாகக் கொண்ட லத்தீன் கத்தோலிக்கப் பேராயம் கேரள எல்லையோடு நின்றுவிடவில்லை. எல்லைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய மீனவர் ஊர்களும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்குள்ளவர்களுக்கு ரேஷன் கார்டு தமிழ்நாட்டு அரசினுடையது. ஞானஸ்நானப் பதிவேடோ திருவனந்தபுரம் பேராயத்தைச் சேர்ந்தது.

1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. தென்னிந்தியத் திருச்சபை அதற்கு ஏற்ப 1959-ல் தன் தென் திருவிதாங்கூர் பேராயத்தை தென் கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரித்துக்கொண்டது. கத்தோலிக்கர்களைப் பொறுத்தவரை குமரி மாவட்டத்தின் மற்றக் கடலோர ஊர்கள் 1930-ல் ஏற்பட்ட கோட்டாறு மறைமாவட்டத்தில் இருந்தன. ஆனால் தூத்தூர் வட்டார ஊர்கள் மட்டும் திருவனந்தபுரத்துடனேயே தங்கிவிட்டன. ராஜ்ய எல்லை மாறியது. பங்கு எல்லை மாறவில்லை.

பத்தாயிரத்தில் தொடங்கிய கணக்கு

இந்தக் கரையில் கிறிஸ்தவம் வளர்ந்த கதை பழையது. 1544-ம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்து சென்று, ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தாமே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து 1937 ஜூலை 1-ல் திருவனந்தபுரம் தனியாகப் பிரிந்தது. பெல்ஜியம் நாட்டவரான வின்சென்ட் தெரேரே முதல் மேற்றிராணியார். உள்நாட்டுப் பங்குகள் பெருகியபோது, 1996-ல் நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் பிரிந்தது. 2004-ல் திருவனந்தபுரம் பேராயமாக உயர்ந்தது. இன்று அதன் மக்களில் பெரும்பகுதியினர் மீனவர்கள்.

ஆட்கள் சேர்ந்துவிட்டால் சபை வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? தெரேரேயை அடுத்து 1966 முதல் 1978 வரை மேற்றிராணியாராக இருந்த பீட்டர் பெர்னார்டு பெரேரா அப்படி நினைக்கவில்லை. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேடி விக்ரம் சாராபாய் வந்த கதையை வாசகர்கள் அறிவர். புனித மகதலேனா மரியாள் கோயிலையும் சுற்றியிருந்த குடியிருப்பையும் விட்டுத்தரச் சம்மதமா என்று பெரேரா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மக்களையே கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. இடம்பெயர்ந்தவர்களுக்குப் பள்ளித்துறையில் புதிய கோயில் எழுந்தது. பழைய கோயில் விஞ்ஞானிகளின் அலுவலகமாகி, பின்னர் விண்வெளி அருங்காட்சியகமாயிற்று.

கரையில் ஏலம்

பெரேராவின் காலத்தில் வளர்ந்த திருவனந்தபுரம் சமூக சேவைச் சங்கம் மீனவரின் கடன் பிரச்னையைக் கையில் எடுத்தது. வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுத்தவர், பிடித்து வந்த மீனைத் தாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வார். கடன் அடையாது, மீனும் மிஞ்சாது. மரியநாடு என்ற கடலோரக் குடியிருப்பில் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கரையில் நடக்கும் ஏலத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற ஊர்களிலும் இம்மாதிரிச் சங்கங்கள் தோன்றின. அவற்றின் கூட்டமைப்பாக 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் பிறந்தது. அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது.

எண்பதுகளில் விசைப்படகு இழுவை வலைகளுக்கு எதிராகப் போராட்டம் மூண்டது. மழைக்காலத்தில் இழுவை வலை போட்டால் குஞ்சு மீன் அழிந்துபோகும் என்பது நாட்டு வள்ளக்காரர்களின் முறையீடு. தாமஸ் கோச்சேரி போன்ற குருக்களும் கன்னியாஸ்திரீகளும் அவர்களோடு தெருவில் இறங்கினர், உண்ணாவிரதமும் இருந்தனர். இது குருக்களின் வேலையா என்று திருச்சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழாமலில்லை. கடைசியில் 1988-ல் கேரள அரசு மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது.

ஒக்கி காட்டிய பாடம்

1991 முதல் 2022 வரை இந்தச் சபையை நடத்திய சூசைபாக்கியம் 1946-ல் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். தமிழ்நாட்டுக் கரையில் பிறந்தவர் கேரளத் தலைநகரின் முதல் லத்தீன் பேராயரானார். அவர் காலத்தில்தான் பெருஞ்சோதனை வந்தது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டவர்கள் பலர். தூத்தூர் வட்டாரத்தினர் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர் பெற்றவர்கள். கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அவர்களுடைய விசைப்படகுகள் பல கொச்சியிலிருந்து போகிறவை. தொழில் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். காணாமற்போனவரை எந்த அரசின் கணக்கில் எழுதுவது? ஒவ்வொரு பங்கிலும் குருக்கள் வீடுவீடாகக் கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள். எல்லையின் இரு பக்கத்துப் பெயர்களும் வெள்ளையம்பலம் பேராயர் இல்லத்தில் ஒன்றுசேர்ந்தன. அரசுக் கணக்கும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7-ல் மீனவர் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்ததையும், ரயில்கள் நின்றுபோனதையும் நாகர்கோவில் தடத்தில் பயணம் செய்யும் நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. துயரம் ஆறாத அதே கரையிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் முதலிய இடங்களுக்கு ஓடினார்கள். பங்குக் கோயில்களில் செய்தி சொல்லி ஆள் திரட்டப்பட்டது. கூரைமேல் ஏறித் தவித்த ஆயிரக்கணக்கானோர் அவர்களால் உயிர் பிழைத்தனர். கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் அவர்களைப் பாராட்டினார்.

விழிஞ்ஞத்தில் எழுந்த கேள்வி

பாராட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 2022 மார்ச்சில் தாமஸ் ஜே. நெட்டோ பேராயரானார். துறைமுகப் பணியால் கடலரிப்பு கூடுகிறது, வீடிழந்தவர்கள் வலியதுறை கோடவுனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறார்கள் என்று சொல்லி, அவ்வாண்டு ஆகஸ்டு 16-ல் பேராயம் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் போராட்டத்தைத் தொடங்கியது. நவம்பர் 27 இரவில் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள் மோதல் தொடர்பாகப் பேராயர் மீதே வழக்குப் பதிவாயிற்று. டிசம்பர் 6-ல் போராட்டம் முடிந்தது. வீடிழந்தோருக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை என அரசு ஒப்புக்கொண்டது. துறைமுக வேலையை நிறுத்தவேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. 2025 மே 2-ல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பேராயர் போராட்டப் பந்தலுக்குப் போகலாமா? துறைமுகம் வந்தால் வேலை வரும் என்று காத்திருந்த உள்ளூர் மக்களும் விழிஞ்ஞத்தில் உண்டு. அவர்கள் எதிர்ப்பந்தல் போட்டார்கள். திருச்சபை ஒரு சாராருக்காக மட்டும் பேசுகிறது என்ற அவர்களது குறையைத் தள்ளிவிட முடியாது. வன்முறை நடந்தபின் தலைமைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவும் முடியாது.

ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. வீட்டைக் கடல் கொண்டுபோனால் மீனவன் முதலில் ஓடுவது பங்குக் கோயிலுக்குத்தான். தாலுகா ஆபீசில் அவன் மனு கொடுக்க வேண்டும். பங்கில் அவன் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. வேறு ராஜ்யத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். ஞாயிறு பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது. கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று வீடுவீடாகப் போய் எண்ணுகிற தலைமை இருக்கும்வரை, அந்தச் சபையை விட்டு மக்கள் போகமாட்டார்கள்.