பழைய கணினிக்கு ஏற்ற துணை

நுவரெலியாவிலே, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் பழைய கணினியைப் பேணிவரும் இல்லங்கள் பல. அதனைக் கம்பியின்றி இணையத்தோடு சேர்க்கும் வைஃபை அடாப்டரை வாங்குமுன் நாம் மூன்றினை நோக்குதல் நன்று.

முதலாவது, கணினியின் துளை. யூஎஸ்பி 2.0 துளை நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேற் கடத்தாது. அதனினும் விரைந்த அடாப்டருக்குக் கொடுக்கும் மிகைப்பணம் வீணே.

இரண்டாவது, வீட்டுச் சுவர். பழைய தோட்டத்து வீடுகளின் தடித்த கருங்கற் சுவரை 5 கிகாஹேர்ட்ஸ் அலையினும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையே எளிதிற் கடக்கும். அடாப்டரை நீட்டுக்கம்பியிற் செருகி, கதவருகே உயர்த்தி வைப்பதும் பயன்தரும்.

மூன்றாவது, மென்பொருள். நம் கணினியின் இயங்குதளத்துக்கு உரிய டிரைவர் உண்டோவெனக் கடையிலேயே கேட்டறிக.

இவற்றை ஆராயாது வாங்கினால், பணமும் போய், பழி பழைய கணினிமேல் விழும். பிள்ளையின் படிப்பும் தடைப்படும். குற்றமோ கணினியினதன்று, நம் அவசரத்தினதேயாம்.